சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர்

சொந்தமாக வீடு வைத்திருப்பவர்கள் உண்டு. சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்கள் உண்டு. சொந்தமாகக் கருத்து வைத்திருப்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சொந்தமாக சர்வர் வைத்திருப்பவர் என்று ஓர் இனம் சமீப காலத்தில் பெருகியிருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்திருக்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள். ஏதோ ஒரு வீட்டின் அலமாரிக்குள்ளிருந்து, ஜலதோஷம் பிடித்த பூனை மூச்சு விடுவதுபோல ஒரு விசிறி சுழன்றுகொண்டிருக்கும். அது என்ன சத்தம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் சாப்பாட்டு வேளைக்கு வீடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

விஷயம் எளிமையானது. மென்பொருள் எழுதுகிறவர்கள், பல பேர் சேர்ந்து ஒன்றையே எழுத வேண்டியிருப்பதால், எழுதிய நிரலை ஒரு பொது இடத்தில் சேர்த்து வைப்பார்கள். யார் எந்த வரியை மாற்றினார், எதற்காக மாற்றினார், மாற்றியதால் எது கெட்டது என்பதெல்லாம் அங்கே பதிவாகிக்கொண்டே இருக்கும். இப்படி இடம் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. சின்ன அலுவலகம் என்றால் சும்மாவே கொடுப்பார்கள். உலகம் அங்கேதான் வைக்கிறது. நிம்மதியாகத் தூங்குகிறது.

நம்மவர் வைக்க மாட்டார்.

"அடுத்தவன் வீட்டு அலமாரியில நம்ம துணிய வைப்போமா?" என்பார்.

வைக்க மாட்டோம்தான். ஆனால் துணி வைக்க வேண்டும் என்பதற்காக யாரும் கோடரியை எடுத்துக்கொண்டு மரத்தைத் தேடிக் கிளம்புவதும் இல்லை. நம்மவர் கிளம்புவார். அந்தப் பொது இடத்தைத் சர்வர் என்று அழைக்கப்படும் தன் சொந்த இயந்திரத்தில், சொந்தக் கையால், சொந்தச் செலவில் நிறுவி, அதன் வாசலில் சொந்தமாக உட்கார்ந்துகொள்வார்.

நிறுவும்போது இவரைப் பார்க்க வேண்டும். முதலில் கை கழுவுவார். ஏன் என்று தெரியாது. அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் மாதிரி முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "பத்து நிமிஷ வேலை" என்று பொதுவாக அறிவிப்பார். கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலேறி ஓடத் தொடங்கும். அவற்றை அவர் படிப்பதில்லை. அந்த வேகத்தில் யாராலும் படிக்க முடியாது. ஆனால் பரம்பரை நிலத்தில் தண்ணீர் பாய்வதைப் பார்ப்பவர்போலத் திருப்தியாகத் தலையசைத்துக்கொண்டிருப்பார். எழுத்துகள் நிற்கும். கடைசி வரி சிவப்பாக இருக்கும். இப்போது அவருடைய முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஓர் உண்மை புரியும். அவர் வருத்தப்படவில்லை. இதற்காகத்தான் காத்திருந்தார்.

"லாக்கைப் பார்க்கணும்" என்பார்.

லாக் என்பது சர்வர் எழுதி வைக்கும் குறிப்பு. தனக்கு என்ன நடந்தது, யார் வந்தார், எதனால் விழுந்தேன் என்று அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகும். நோயாளி புலம்புவதைப் போல, பயனுள்ள செய்தி ஆயிரம் வரிக்கு ஒன்று வரும். முதல் நாள் சர்வர் சொன்னது இதுதான்: நிரலை வைக்க வேண்டிய அறைக்குள் நுழைய எனக்கே அனுமதி இல்லை. நம்மவர் அந்த அறையைத் தன் பெயரில் கட்டியிருந்தார். வீட்டைக் கட்டியவர் சாவியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குடி வந்தவரை வாசலில் நிறுத்தியிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க அரை நாள். கண்டுபிடித்த கோபத்தில் எல்லா அறைகளையும், சாவி வைத்திருக்கும் பெட்டியையும் சேர்த்து, எல்லாருக்கும் திறந்துவிட்டார். சர்வர் எழுந்தது. எழுந்ததும், இவ்வளவு திறந்து கிடக்கும் சாவியை நான் நம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. பூட்டினாலும் தப்பு, திறந்தாலும் தப்பு. மாமியார் வீட்டுக்குப் போன மருமகனைப்போல அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மனைவி எட்டிப்பார்த்தார். அவர் பிசியோதெரபிஸ்ட். பிடித்துக்கொண்ட முழங்கால்களையும் இறங்காத தோள்களையும் தினமும் பார்க்கிறவர்.

"பத்து நிமிஷம் முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"என்கிட்ட வர்ற பேஷண்ட்டெல்லாம் இப்படித்தான் சொல்லுவாங்க. கை தூக்க முடியுதான்னு கேட்டா, தூக்கின மாதிரிதான்னுவாங்க."

இந்த இனத்தில் ஒருவரை நன்றாகப் பார்த்துவிட்டால் எல்லாரையும் பார்த்ததுபோல. ஆகவே இவரையே தொடர்வோம்.

இவர் வேலை பார்க்கும் அலுவலகம் ஒரு பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறார்கள். யாருக்கு என்ன பவர், எந்த லென்ஸ் எப்போது வரும், எந்தச் சட்டத்தை யார் வளைத்துவிட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். முதலாளி ஓர் அம்மாள். எல்லாரும் மேடம் என்பார்கள். குரலை உயர்த்தாமலே காரியம் சாதிப்பவர். அப்புறம், கடைக்காரர்கள் பார்க்கும் திரைகளையெல்லாம் வடிவமைக்கும் ஒரு பெண். திரைக்காரி என்று வைத்துக்கொள்வோம். நினைத்ததைச் சொல்லிவிட்டு, பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைக்கிறவள்.

வீட்டில் நிறுவிய சர்வர் முதலில் அலுவலகத்தில்தான் இருந்தது. கீறல் விழுந்த திரையோடு ஒரு பழைய மடிக்கணினி. அலுவலகத்தைப் பூட்டும்போது யாராவது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார்கள். "சர்வர் தூங்கக் கூடாது" என்று சொல்லி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார், அதற்குத் துணையாகத் தானும் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினார். பிறகு அதன் வேகம் போதாமல் புதிய பெட்டி ஒன்று வாங்கி, படுக்கையறை அலமாரியில் மனைவியின் கைப்பைகளுக்கும் குளிர்காலப் போர்வைகளுக்கும் நடுவில் குடியமர்த்தினார். பழைய மடிக்கணினிக்கு ஓய்வு கொடுத்தார். ஓய்வு என்றால் அணைத்துவிடவில்லை. "நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு, எதுக்கு நிறுத்தணும்" என்று வாஷிங் மெஷினுக்கு மேலே உள்ள பலகையில் வைத்து, ஓய்வுபெற்றவர்கள் மனம் சோர்ந்துபோகாமல் இருக்க நாம் கொடுப்போமே, அந்த மாதிரி ஒரு சின்ன வேலையையும் கொடுத்துவைத்தார். என்ன வேலை என்பதை அவர் மறந்துபோனார். நாமும் இப்போதைக்கு மறந்திருப்போம்.

இனி இவர் இல்லாமல் அலுவலகம் இல்லை. அப்படி அவர் நினைத்தார். விருந்துக்குப் போனாலும் கையில் போன். போனில் ஒரு வரைபடம். எத்தனை பேர் தன் சர்வருக்கு வந்தார்கள், எவ்வளவு கொண்டுவந்து வைத்தார்கள் என்று காட்டும். பகலெல்லாம் அந்தக் கோடு தரையோடு படுத்திருக்கும். சாயங்காலம் ஆனதும் சட்டென்று ஒரு மேடு எழும். தினமும் எழும். அதை யாரிடமாவது காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"பாருங்க, நம்ம ஆளுங்களுக்கு சாயங்காலம்தான் வேகம் வரும். கலைஞர்கள்ல."

அவ்வப்போது அப்டேட் போடுவார். போட்டால் சர்வர் விழும். விழுந்தால் அலுவலகத்திலிருந்து போன் வரும். போன் வந்தால் முதலில் "உங்க பக்கம் ஏதாவது பிரச்சினையா பாருங்க" என்பார். பிறகு "நேத்து வரைக்கும் ஓடிச்சே" என்பார். நேற்றுவரை ஓடியது என்பதைப் பெரிய ஆதாரமாகச் சொல்பவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர் பழைய கார் விற்பவர். கடைசியில், "லாக்கைப் பார்க்கணும்." எத்தனை பாராட்டினாலும் கிடைக்காத ஒளி அப்போது அவர் முகத்தில் வரும். ஓடுகிற சர்வரை யார் மதிக்கிறார்கள்? விழுந்த சர்வருக்குத்தான் வைத்தியர் வேண்டும்.

ஆரம்பத்தில் அந்தப் போன்களில் பதற்றம் இருந்தது. போகப்போகக் குறைந்தது. "அவசரமில்ல சார், மெதுவா பாருங்க" என்பாள் திரைக்காரி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பொறுமையா என்று மனைவியிடம் சொல்லி மெச்சிக்கொள்வார்.

இப்படி இருக்கும்போது அவர் பாதுகாப்பைப் பற்றி ஒரு கட்டுரை படித்துவிட்டார். இந்த இனத்தாரின் வாழ்க்கையில் பெரிய துன்பங்களெல்லாம் ஒரு கட்டுரையில்தான் தொடங்கும். படித்து முடித்த கையோடு எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றினார். புதியவை அவருக்கே வாயில் நுழையவில்லை. பிறகு வாசலில் ஒரு காவலாளி நிரலை நிறுத்தினார். யாராவது மூன்று தடவை தப்பான பாஸ்வேர்டோடு வந்தால், அவர்கள் வந்த இணைய விலாசத்தையே காவலாளி தள்ளிவைத்துவிடுவான். வீட்டுக்குக் கதவிலக்கம் போல, இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு விலாசம் உண்டு. அந்த விலாசத்திலிருந்து பிறகு யார் வந்தாலும், ராஜாவே வந்தாலும், கதவு திறக்காது.

அன்றைக்கே தாக்குதல் தொடங்கியது.

யாரோ தட்டுகிறான். நிமிடத்துக்கு ஒரு தடவை, தப்பான பாஸ்வேர்டோடு, சலிக்காமல் தட்டுகிறான். காவலாளி அவன் விலாசத்தைத் தள்ளிவைத்தான். தள்ளிவைத்த உடனே நம்மவராலும் தன் மேஜையிலிருந்து சர்வருக்குள் போக முடியவில்லை. அவருடைய கணினிக்கும் அதே பதில்தான்: உனக்கு அனுமதி இல்லை.

"சர்வரையே பிடிச்சுட்டான்" என்றார் மனைவியிடம். குரலில் பயம் இருந்தது. அதற்கு அடியில், இத்தனை பேர் இருக்கும் உலகத்தில் தன் சர்வரை ஒருவன் குறிவைத்துவிட்டான் என்ற மெல்லிய பெருமையும் இருந்தது.

"கண்ணாடிக் கடைக்காரன் லென்ஸ் கணக்கைத் திருடி அவன் என்னங்க பண்ணப் போறான்?"

"அதுக்கு ஒரு மார்க்கெட் இருக்கு."

"கிட்டப்பார்வைக்கா, தூரப்பார்வைக்கா?"

அவர் பெட்டியை அலமாரியிலிருந்து தூக்கிவந்து, வரவேற்பறையில் இருந்த டிவியோடு நேராக இணைத்து, ஒரு கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வாசல் வழியாகப் போக முடியாவிட்டால் ஓட்டைப் பிரித்து இறங்க வேண்டியதுதானே. டிவித் திரை முழுக்க லாக் ஓடியது. மனைவி சோபாவில் உட்கார்ந்து, வழக்கமான தொடருக்குப் பதில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வசனம் நிமிடத்துக்கொரு முறை வந்தது. கதை பெரிதாக வித்தியாசப்படவில்லை.

முதல் வேலையாக எல்லாக் கதவுகளையும் சாத்தினார். எதிரி பிடிபடும்வரை யாருக்கும் அனுமதி இல்லை, அலுவலகத்துக்கும் சேர்த்துத்தான். கொஞ்ச நேரத்தில் திரைக்காரி போன் செய்தாள்.

"சார், உங்க சர்வர் உள்ள விட மாட்டேங்குது."

"நான்தான் மூடியிருக்கேன். தாக்குதல் நடந்துக்கிட்டிருக்கு."

"அய்யய்யோ. சரி சார். அவசரமில்ல."

அடுத்து மேடம் பேசினார்.

"அடுத்த வாரம் திங்கட்கிழமை அந்தப் பெரிய கண்ணாடிக் கடைக்குப் புது வெர்ஷன் கொடுக்கணும். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு மேடம்."

"அதுக்குள்ள உங்க சர்வர் எழுந்திருக்கலைன்னா, நாமளும் எல்லாரையும் மாதிரி வெளியவே ஒரு இடம் பார்த்துக்கலாமான்னு யோசிக்கிறேன். தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்கும் எவ்வளவு அலைச்சல்."

எத்தனை மென்மையாகச் சொன்னாலும் வாக்கியத்துக்குள் இருப்பது இருக்கத்தானே செய்யும். திங்கட்கிழமைக்குள் எதிரியை வெல்ல வேண்டும். இல்லையென்றால் அலமாரியில் கைப்பைகள் இருக்கும், போர்வைகள் இருக்கும், நடுவில் ஒரு பெட்டி வெறுமனே சூடாகிக்கொண்டிருக்கும். அவர் போனை வைத்துவிட்டுப் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கிண்டல் செய்யவில்லை.

விசாரணை தொடங்கியது. எதிரியின் விலாசத்தை வைத்து அவன் எங்கே இருக்கிறான் என்று தேடினார். ஏதோ தூர தேசத்தைக் காட்டும் என்று எதிர்பார்த்தார். வரைபடம் விரிந்தது, விரிந்த வேகத்தில் சுருங்கியது, இவர் ஊரில் நின்றது, ஊருக்குள் இவர் பேட்டையில் நின்றது. ஒரு நீல வட்டம். வட்டத்துக்குள் பேருந்து நிறுத்தம் இருந்தது, மருந்துக்கடை இருந்தது, ஒரு பூங்கா இருந்தது, இவர் வீடு இருந்தது.

அவர் எழுந்து போய் ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினார்.

"பக்கத்துலதான் இருக்கான்" என்றார்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன நினைப்பான்? வட்டத்துக்குள் என் வீடும் இருக்கிறதே என்று நினைப்பான். நம்மவர் சாதாரண மனிதர் இல்லை. உலகத்து விலாசங்களையெல்லாம் ஆராயத் தெரிந்தவர். தன் வீட்டு விலாசம் என்ன என்று மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை. தன் வீட்டில் இருந்துகொண்டு தன் விலாசத்தை யார் தேடுவார்கள்?

ரூட்டரை அணைத்துப் போட்டார். ரூட்டர் என்பது வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் பெட்டி, அதை அணைத்துப் போட்டால் இணைய நிறுவனம் வீட்டுக்கு வேறு விலாசம் கொடுக்கும். அது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டல் தொடங்கியது. வேறொரு விலாசத்திலிருந்து. மறுபடி ரூட்டரை அணைத்துப் போட்டார். மறுபடி வேறொரு விலாசம்.

"பலே கில்லாடி. நான் ரூட்டரை மாத்தினா அவனும் விலாசத்தை மாத்துறான். என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கான்."

சந்தேகம் மேல் வீட்டுக்காரர் மேல் விழுந்தது. மேல் வீட்டுக்காரர் கால்நடை மருத்துவர். புதிதாகக் குடிவந்தபோது ஒரு நாள் வந்து, "எங்க வீட்டுக்கு இன்னும் நெட் வரல, உங்க பாஸ்வேர்ட் கிடைக்குமா" என்று கேட்டவர். அப்போது கொடுக்காமல் அனுப்பியதை இவர் பெருமையாகச் சொல்லித் திரிந்தது உண்டு. இப்போது அதுவே குற்றத்துக்குக் காரணமாகத் தெரிந்தது. படியேறிப் போய்க் கதவைத் தட்டினார். மருத்துவர் வியர்த்து ஊற்ற வந்து திறந்தார்.

"உங்க வீட்ல மிஷின் ஏதாவது ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கா?"

"எங்க வீட்ல ஃபேனே ஓடல. அதான் வரச் சொன்னேன். உள்ள வாங்க."

"எங்கே?"

"நீங்க எலக்ட்ரீஷியன்தானே?"

"நான் கீழ் வீடு."

"கீழ் வீட்ல எலக்ட்ரீஷியன் இருக்கார்னு சொல்லவே இல்லையே யாரும்."

நம்மவர் அவருடைய கண்களை உற்றுப் பார்த்தார். குற்றவாளி இவ்வளவு இயல்பாக நடிப்பான் என்று அவர் நினைக்கவில்லை. அதன்பின் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் அவரை முறைத்தார். மருத்துவர் ஒவ்வொரு தடவையும், "என்ன, ஃபேனைப் பார்க்க வரவே இல்லையே" என்று கேட்டார்.

நாட்கள் போயின. காவலாளியின் கையிலிருந்த தடியைப் பெரிதாக்கினார். காவலாளிக்கு மேல் இன்னொரு காவலாளி வைத்தார். இரண்டாவது காவலாளி முதல் காவலாளியை உள்ளே விடவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு பகல் போயிற்று. தட்டல் மட்டும் நிற்கவில்லை. கோபமில்லாமல், அவசரமில்லாமல், நிமிடத்துக்கொரு முறை. இவ்வளவு விசுவாசமான எதிரி யாருக்கும் கிடைக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நம்மவர் தரையில், டிவிக்கு முன்னால். மனைவி துணி தேய்க்கக் கிளம்பினார். வரவேற்பறையின் பிளக்குகளையெல்லாம் சர்வரும் அதன் பரிவாரமும் பிடித்துக்கொண்டிருந்ததால், வாஷிங் மெஷின் இருக்கும் பக்கம் போனார்.

டிவியில் தட்டல் நின்றது.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. அவர் மெல்ல எழுந்தார்.

"நின்னுடுச்சு" என்றார். "நான் கடைசியா போட்டேன் பாரு ஒண்ணு, அதுலதான் விழுந்துட்டான்."

"நல்லதுங்க" என்றார் மனைவி உள்ளேயிருந்து, நீராவி சத்தத்துக்கு நடுவில்.

மேடத்துக்குச் செய்தி அனுப்பினார்: எதிரி வீழ்ந்தான், நாளை காலை கதவு திறக்கும். காலை நீட்டி உட்கார்ந்தார். மனைவி கடைசிப் புடவையை மடித்துவைத்துவிட்டு வந்தார். டிவியில் ஒரு வரி எழுந்தது. இன்னொரு வரி. அதே தட்டல்.

அவர் அறிவிக்கப்பட்ட வெற்றியைத் திரும்பப் பெறுவது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தார். மனைவி இடுப்பில் கைவைத்து டிவியைப் பார்த்தார்.

"நான் துணி தேய்க்கிறப்ப உங்க திருடன் ரெஸ்ட் எடுத்துக்கிறான் போல" என்றார்.

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார். திரும்பி நடந்தார். நம்மவரும் பின்னாலேயே போனார். வாஷிங் மெஷினுக்கு மேல், பலகையில், துணி சோப்புத் தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், கீறல் விழுந்த திரையோடு பழைய மடிக்கணினி மினுக் மினுக்கென்று ஒரு பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டிக்கு இடம் கொடுக்க மனைவி பிடுங்கி, பிறகு செருகியது அதன் பிளக்கைத்தான். அதன் பேட்டரி செத்துப் பல காலமாகிவிட்டது. பிளக்கைப் பிடுங்கினால் அப்போதே அணையும். செருகினால் தானாக எழும். அப்படி எழுவதற்கு நம்மவரே பழக்கியிருந்தார்.

மனைவி பிளக்கைப் பிடுங்கினார். "போய்ப் பாருங்க."

அவர் போய்ப் பார்த்தார். தட்டல் இல்லை.

"இப்ப செருகறேன்."

கொஞ்ச நேரம் பொறுத்து ஒரு தட்டல்.

"மடக்குங்க" என்றார் மனைவி, பிளக்கைப் பிடுங்கி. "நீட்டுங்க" என்றார், செருகி. "வலி எங்க இருக்குன்னு தெரிஞ்சுதா?"

தெரிந்தது. ஓய்வுபெற்றபோது அந்தக் கிழட்டு மடிக்கணினிக்குக் கொடுத்த சின்ன வேலை இதுதான்: நிமிடத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வெளியே போய், பொது வாசல் வழியாகவே சுற்றிக்கொண்டு வந்து, புதிய சர்வரின் கதவைத் தட்டி, நலமா என்று கேட்பது. வெளி ஆட்களுக்குக் கதவு திறக்கிறதா என்று தெரிய வேண்டுமல்லவா. அவர் எல்லாருக்கும் பாஸ்வேர்டை மாற்றினார். அதற்குச் சொல்ல மறந்துவிட்டார். அது பழைய பாஸ்வேர்டோடு, பழைய அன்போடு, வந்து தட்டிக்கொண்டே இருந்தது. காவலாளி வீட்டையே தள்ளிவைத்தான். எதிரியின் விலாசம் என்று அவர் துரத்தியதெல்லாம் அவர் வீட்டு விலாசம்.

"பாவம், மேல் வீட்டுக்காரரை நாலு நாளா முறைச்சீங்க" என்றார் மனைவி.

அவர் நிமிர்ந்தார். இந்த இனத்தின் மகத்துவம் இந்த இடத்தில்தான் தெரியும்.

"டெக்னிக்கலா பார்த்தா, சர்வர் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. யார் வந்தாலும் விடல."

"உங்களையே விடல."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

திங்கட்கிழமை காலை எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, தேய்த்த சட்டையோடு அலுவலகத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார். வந்தவர்களிடம், தாக்குதல் உள்ளிருந்தே வந்தது என்பதுவரை சொன்னார். உள் என்றால் எந்த உள் என்று விளக்கவில்லை. மேடம் வந்ததும் எழுந்து நின்றார்.

"சர்வர் ரெடி மேடம். இன்னைக்கு டெலிவரிக்கு ஒரு தடையும் இல்ல."

"சந்தோஷம்" என்றார் மேடம்.

"அதான் வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டோமே" என்றாள் திரைக்காரி.

கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரைக்காரி, சொல்லியிருக்கக் கூடாது என்று நினைக்கத் தொடங்கியது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"எங்கேயிருந்து அனுப்பினீங்க?"

"வெளிய ஒரு இடம் வச்சிருக்கோம் சார். சும்மா கொடுக்கிறாங்களே, அது."

"எப்பலேர்ந்து?"

"நீங்க முதல் தடவை அப்டேட் போட்டீங்க இல்ல, அப்பலேர்ந்து."

முதல் அப்டேட் போட்டபோது இவளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. இப்போது அவள் மேஜையில் ஒரு குழந்தையின் புகைப்படம் இருக்கிறது. உட்காரத் தெரிந்த குழந்தை.

"அப்போ என் சர்வருக்கு தினமும் வந்தது?"

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

"சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னாடி உங்களுதுலயும் ஏத்திட்டுப் போவோம் சார். தினம் ஒருத்தர். முறை வச்சிருக்கோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சேர்த்தாள். "இன்னைக்கு என் முறைதான்."

"நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்" என்றார் மேடம், ஜன்னலிடம். "போன வாரம் சொல்லிடலாம்னு பார்த்தேன். அதுவும் சரியா வரல."

பகலெல்லாம் படுத்திருந்து சாயங்காலம் மட்டும் எழும் அந்தக் கோட்டை அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நின்றபடியே மேஜை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். இவ்வளவுக்குப் பிறகு ஒரு மனிதன் என்ன செய்வான்? விடுப்பு எழுதிக் கொடுப்பான். கோபித்துக்கொள்வான். குறைந்தபட்சம் உட்காருவான்.

"அந்த வெளி ஆளு ஒரு நாள் கடையை மூடிட்டா?" என்றார்.

மேடம் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"முழுசா ஒரு பிரதி எங்க இருக்கும்?"

"உங்ககிட்ட இருக்கும் சார்" என்றாள் திரைக்காரி வேகமாக. சொல்லிவிட்டு நினைப்பவள் இந்தத் தடவை நினைத்துவிட்டுச் சொன்னாள்.

"ம்" என்றார். உட்கார்ந்தார். கணினியைத் திறந்தார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தச் சாயங்கால முறையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

விடவில்லை. இன்றைக்கும் நடக்கிறது. மேடம்கூடத் தன் பெயரையும் முறையில் சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

அன்று வீட்டுக்குப் போனதும் சர்வரைக் கைப்பைகளுக்கு நடுவில் திரும்ப வைத்தார். டிவி குடும்பத்துக்குக் கிடைத்தது. பழைய மடிக்கணினிக்குப் புதிய பாஸ்வேர்டைச் சொல்லிக்கொடுத்தார். அது வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு வந்து தட்டியது. கதவு திறந்தது.

மனைவி துணிகளை வாஷிங் மெஷினில் போட்டபடி கேட்டார். "இப்ப ரெண்டும் என்ன பேசிக்குது?"

"நல்லா இருக்கியான்னு இது கேக்குது. நல்லா இருக்கேன்னு அது சொல்லுது."

"நிமிஷத்துக்கு ஒரு தடவையா?"

"ஆமா."

"கல்யாணமான புதுசுல நீங்ககூட அவ்வளவு கேக்கல."

அவர் யோசித்தார். "நல்லா இருக்கியா?" என்றார்.

"சுவிட்சைப் போடுங்க" என்றார் மனைவி.

இதைப் படித்துவிட்டு, எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். நல்லது, சிரியுங்கள். உங்களிடம் சர்வர் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் தொட்டால்தான் வேலை செய்யும் என்று ஏதாவது ஒன்று இருக்குமே. நீங்கள் கலந்தால்தான் காப்பி. நீங்கள் அழுத்தினால்தான் அந்தப் பூட்டு. நீங்கள் ஒரு பார்வை பார்த்தால்தான் அந்தக் கணக்கு. போன தடவை வெளியூர் போய்ப் பத்து நாள் இருந்தீர்களே, அப்போது அதைப் பற்றிக் கேட்டு யாராவது போன் செய்தார்களா? நீங்களே போன் செய்து விசாரித்தபோது, "அவசரமில்ல, நீங்க மெதுவா வாங்க" என்று அன்பாகச் சொன்னார்களா?

அப்படியானால் உங்களுக்கும் சாயங்காலங்களில் யாரோ முறை வைத்து ஏற்றிவிட்டுப் போகிறார்கள். இன்றைக்கு யார் முறை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர்களுக்குத் தர்மசங்கடமாக இருக்கும்.